சேன் பியேர்: சாம்பலுக்குக் கீழே ஒரு துறைமுகம்

மார்த்தினிக் தீவின் தலைநகரான ஃபோர் த ஃபிரான்ஸிலிருந்து கரையோரமாகவே வடக்கு நோக்கி ஒரு மணி நேரம் பேருந்தில் சென்றால் சேன் பியேர் வருகிறது. நாலாயிரம் பேர் அளவில் வசிக்கும் ஊர். கரிய மணல். கடலை ஒட்டி ஒரு தெரு, அதற்கு மேல் இன்னொன்று, இரண்டையும் இணைக்கும் கல்படிகள். எல்லாவற்றுக்கும் பின்னால் தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு பெலே எரிமலை. பிரான்ஸின் ஒரு மாவட்டம் என்பதால் யூரோ செலவாணி, விலைவாசியும் அதற்கேற்பவே. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் இறங்கியபோது கடைகள் மூடியிருந்தன. கரையில் சிறுவர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் ஊரின் நடமாட்டம்.

பயண நூல்கள் இவ்வூரை எப்போதும் ஒரே ஒரு காலைப்பொழுதாகச் சுருக்கிவிடுகின்றன. 1902 மே 8, வியாழக்கிழமை, கிறிஸ்துவின் விண்ணேற்றத் திருநாள். காலை எட்டு மணியளவில் மலையின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு கனல்வளியும் சாம்பலும் கலந்த மேகம் ஒன்று சரிவில் உருண்டு இறங்கியது. ஓரிரு நிமிடங்களில் நகரம் இல்லை. ஏறக்குறைய 28,000 பேர் மாண்டனர். தடித்த கற்சுவர்ச் சிறையறைக்குள் கிடந்ததால் பிழைத்த சிப்பாரிஸ் என்ற கைதியின் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அவனைப் பின்னர் அமெரிக்க சர்க்கஸ் ஒன்று ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தது. அந்த அறை இன்றும் இருக்கிறது. குனிந்து உள்ளே நுழைந்தால் ஒருவர் படுக்கலாம். அதற்குச் சற்று மேலே, 1786இல் கட்டப்பட்ட நாடக அரங்கத்தின் இரட்டைப் படிக்கட்டு வானத்தை நோக்கி ஏறி நிற்கிறது. அரங்கும் சிறையும் இவ்வளவு அருகில் இருந்தன என்பது எனக்குப் புதிய செய்தி. ஒன்றின் இசை மற்றதற்குக் கேட்டிருக்கும்.

அழிவைவிட என்னை நிறுத்தியது மீட்சியின் விதம். இவ்வூரார் இடிபாடுகளை அகற்றிவிட்டுக் கட்டவில்லை. எரிந்து கறுத்த பழைய சுவரின் மேலேயே புதிய சுவரை எழுப்பி, மஞ்சளோ நீலமோ பூசி, அதில் ஜன்னல் வைத்திருக்கிறார்கள். இடுப்புயரம் வரை பதினெட்டாம் நூற்றாண்டு, அதற்கு மேல் சிமெண்டு, அதற்கும் மேல் துணி உலர்த்தும் கொடி.

நான் சென்றது எரிமலைக்காக அல்ல. 1853 மே 6ஆம் தேதி ‘ஒரேலி’ என்ற கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய ஒப்பந்தக் கூலிகளுடன் நங்கூரமிட்டது இந்தத் துறைமுகத்தில்தான். மார்த்தினிக்குக்கு வந்த முதல் கப்பல் அது. அடுத்த முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 பேர் வந்தார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்களே பெரும்பாலோர், பெரும்பாலும் தமிழர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முடிந்தால் திரும்பும் பயணம் இலவசம் என்பது வாக்குறுதி. திரும்பியவர்கள் சிறு பகுதியினரே.

இந்தக் கதையைச் சொல்லும்போது நாம் வழக்கமாகக் கண்ணீரிலிருந்து தொடங்குகிறோம். கண்ணீர் உண்மைதான். ஆனால் சேன் பியேரின் கரையில் நிற்கும்போது அதற்கு ஐந்தாண்டுகள் முந்தைய நாள் ஒன்றும் கூடவே வந்து நிற்கிறது. 1848 மே 22 அன்று இதே தெருக்களில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பாரீஸில் ஏப்ரல் 27ஆம் தேதியே கையெழுத்தான விடுதலை ஆணை இன்னும் கடலைக் கடந்து வந்து சேரவில்லை. கப்பலுக்குக் காத்திராமல் மறுநாளே ஆளுநர் விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று. விடுதலை பெற்றவர்கள் பழைய எஜமானர்களின் கரும்புத் தோட்டங்களுக்கு, பழைய எஜமானர்கள் சொன்ன கூலிக்கு, மீண்டும் போக விரும்பவில்லை. பேரம் பேசும் பலம் வரலாற்றில் முதன்முறையாக அவர்கள் கைக்கு வந்திருந்தது. அந்தப் பலத்தை முறிக்கத்தான் நம் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். பஞ்சத்தால் துரத்தப்பட்டும் தரகனின் பொய்யை நம்பியும் கப்பலேறிய தஞ்சாவூர்க் குடியானவனுக்கு இது எதுவும் தெரிந்திருக்க முடியாது. ஆயினும், ‘கூலி’ என்ற சொல் கிரயோலில் ஒரு வசையாக நெடுங்காலம் நிலைத்ததற்கு வெறும் இனவெறுப்பை மட்டும் காரணம் சொல்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

1902 பேரழிவின் நினைவு அருங்காட்சியகம் 2019இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. நசுங்கிய ஆலயமணியும் உருகிய கண்ணாடியும் அங்கே இருக்கின்றன. சுவரில் மாண்டவர்களின் பெயர்கள். வழக்கமான ஆசையுடன் தமிழ்ப் பெயர்களைத் தேட ஆரம்பித்தேன். இத்தீவுகளில் முத்துசாமி ‘மூத்துஸ்ஸாமி’ ஆகவும், ராமசாமி ‘ரமஸ்ஸாமி’ ஆகவும் பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயர்களாக உறைந்திருப்பதை முன்பே அறிவேன். சில வரிசைகளுக்குப் பிறகு தேடுவதை விட்டுவிட்டேன். ஞானஸ்நானம் பெற்ற ஒரு ழோசெஃப், ஒரு லூயி, ஒரு மரி யாருடைய பேரப்பிள்ளை என்பதைச் சுவர் சொல்லப்போவதில்லை. தவிர, வந்தவர்களில் பெரும்பாலோர் இந்நகரத்தில் தங்கவே இல்லை. இறக்கப்பட்ட இடம் மட்டுமே இது. பிரித்து அனுப்பப்பட்டுத் தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள்.

இரவு ஒரு சிறிய உணவகத்தில் ‘கொலொம்போ’ கேட்டேன். மஞ்சளும் கொத்துமல்லியும் சீரகமும் கடுகும் சேர்ந்த பொடியில் வெந்த ஆட்டுக்கறி, சோறு. இந்தச் சொல் நம் ‘குழம்பு’தான் என்று சொல்கிறார்கள், நாக்கும் அதையே சொன்னது. புளிக்குப் பதிலாக எலுமிச்சை, கூடவே இத்தீவுகளின் நெருப்பு மிளகாய். பரிமாறிய அம்மையார் ஆப்பிரிக்க வழியினர். என் மொழியில் இதன் பெயர் இன்னது என்று ஆர்வத்தில் சொல்லி வைத்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, “இது எங்கள் சாப்பாடு, முசியே. என் பாட்டி செய்வார்” என்றார். மறுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நான்கு தலைமுறை அடுப்பில் வைத்தவர்களுக்குத்தானே குழம்பு சொந்தம்.

மறுநாள் மலையைச் சுற்றிக்கொண்டு, மோர்ன் ரூஜ் வழியாக, அட்லாண்டிக் கரையிலுள்ள பாஸ் புவாந்த் ஊருக்குப் போனேன். 1913இல் கவிஞர் எமே செசேர் பிறந்த ஊர் அது. கப்பலிலிருந்து இறக்கப்பட்டவர்களில் பலர் கொண்டுசெல்லப்பட்டதும் இந்த வடக்குத் தோட்டங்களுக்குத்தான். வழியெங்கும் வாழை. சிறிய கோயில் ஒன்று தோட்ட நிலத்தில் இருக்கிறது. மாரியம்மன் இங்கே ‘மரியெமென்’. மதுரைவீரன் ‘மல்தெவிலென்’. பூசாரியைப் ‘பூசலி’ என்கிறார்கள், தப்பு ‘தப்பூ’ ஆகியிருக்கிறது. வழிபாட்டு நாளில் அருள் வந்த பூசாரி கத்தியின் கூர்முனையில் ஏறி நின்று தமிழில் குறி சொல்வார். அதைக் கிரயோலில் விளக்க ஒருவர் பக்கத்தில் நிற்பார். நான் போனது அப்படியொரு நாளில் அல்ல. முதியவர் ஒருவரும் அவருடைய பேரனும் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் எங்கிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் முதியவர் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, கண்களை மூடி, தன் தந்தையிடம் கற்ற பாடலைச் சொல்லத் தொடங்கினார். ‘அம்மா’ புரிந்தது, ‘தாயே’ புரிந்தது. மற்றவை ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. முடித்துவிட்டு, “சரியாக இருக்கிறதா?” என்று கேட்டார்.

சில கணங்கள் என்ன சொல்வதென்று தெரியவில்லை. திருத்துவதற்கு நான் யார்? நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளின் துணையே இல்லாமல், ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு கைமாற்றி வந்திருக்கிறார்கள். பொருள் தெரிந்த நாம் எத்தனை பாடல்களை அப்படிக் காப்பாற்றினோம்? சரியாக இருக்கிறது என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பாடலில் ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. நாகூமிலா. யார் அது என்றேன். கப்பலில் கூட வந்தவர், கடலில் காத்தவர், அவருக்காகத்தான் கொடிமரம் நட்டுக் கொடியேற்றுகிறோம் என்றார். எனக்குச் சிலிர்த்தது. நாகூர் மீரான். ஓட்டை விழுந்த கப்பலைக் கண்ணாடி எறிந்து அடைத்துக் காத்தார் என்று நம் கரையில் சொல்லப்படும் அதே சாகுல் ஹமீது ஆண்டவர். காரைக்காலில் கப்பலேறியவர்கள் மாரியம்மனோடு அவரையும் சேர்த்தே அழைத்து வந்திருக்கிறார்கள். எந்த மதத்தவர் என்று அன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் அரைகுறை பிரெஞ்சில், நாகூர் என்பது ஓர் ஊர் என்று சொன்னேன். முதியவர் நம்பாமல் பார்த்தார். அவருக்கு அது தெய்வத்தின் பெயர். பேருந்து நிற்கும் ஓர் இடமாக அது இருக்க முடியும் என்று எண்ணியதே இல்லை. அங்கே கடல் உண்டா என்று கேட்டார். உண்டு, தர்காவிலிருந்து நடந்தே போகலாம், ஆண்டுதோறும் அங்கும் கொடி ஏற்றுகிறார்கள் என்றேன்.

நான் சொன்னது இரண்டு வாக்கியங்கள் இருக்கும். அவர் பேரனை அருகே அழைத்து அதைக் கிரயோலில் சொல்லத் தொடங்கினார். கடலை நோக்கிக் கையை நீட்டி நீட்டிச் சொன்னார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.