வேதக்கோயில் ரிஜிஸ்டர்

திருவரங்கம் கோயிலில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. நிலம் கொடுத்தவர், விளக்கெரிக்க வைத்தவர் பேரெல்லாம் கல்லில் நிற்கிறது. போதாததற்கு 'கோயிலொழுகு' என்று தனி வரலாறும் உண்டு. பாணர் குலத்துத் திருப்பாணாழ்வார் காவிரிக்கரையில் நின்றே பாடி, கடைசியில் ஒரு பிராமணர் தோளேறி உள்ளே போனதாகச் சொல்வார்கள். கல் சுமந்த சனத்துக்கு எந்தத் தோளும் கிடைக்கவில்லை.

எங்க சேரியிலும் ஒரு கோயில் உண்டு. வேதக்கோயில் என்போம். கரூர்ப் பக்கம், 1995 வரை அது திருச்சி மாவட்டம். அங்கே ஊழியம் செய்தது வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன். முதலில் வெறும் கூரைக்கொட்டகை. வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. உபதேசியாரே வாத்தியார்.

"தொரை காசு குடுத்திருப்பாரு கண்ணு. மண்ணு மிதிச்சது யாரு? நாங்கதான்" என்பார் அம்மாயி. பகலெல்லாம் பண்ணையில் உழைத்துவிட்டு நிலா வெளிச்சத்தில் சுவர் வைத்தார்களாம். ஊர்த்தெருவில் செருப்புப் போட முடியாதவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்த முதல் இடம் அது. எங்க சனம் கலெக்டருக்கு முதல் மனு எழுதியதும் அங்கேதான்.

1947 செப்டம்பர் 27இல் மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கர்களும் மற்றவர்களும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். பலகையில் பேர் மாறியது. சேரி சேரியாகவே இருந்தது. 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது: இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் நாங்கள் 'பிற்படுத்தப்பட்டோர்'. ஞானஸ்நானத் தண்ணி பட்டதும் டீக்கடைக்காரனுக்கு எங்க சாதி மறந்துபோச்சா?

அதிலிருந்து ஞானஸ்நான ரிஜிஸ்டர் என்றாலே பயம். சர்டிபிகேட்டில் ஒரு பேர், கோயிலில் ஒரு பேர். குருவானவரை எங்க சனம் ஐயர் என்றுதான் கூப்பிடும். "பேரு எழுதாதீங்க ஐயரே, புள்ள படிக்கணும்" என்று கெஞ்சிய தாய்மார் எத்தனை பேர்! 2024 நவம்பரில்கூட, புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயம் போகிறவர் இந்து என்று பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்றது உச்சநீதிமன்றம்.

மிஷன் சரித்திரத்தில் துரைமார் பேர் இருக்கிறது. மண் மிதித்தவர்கள் பேரை நாம் எழுதலாமென்றால், சொல்லப் பயப்படுகிறார்கள். இந்தக் கட்டுரையிலும் ஊர்ப்பேர் இல்லை, அம்மாயி பேர் இல்லை. மறந்துபோய் விட்டதல்ல, சொன்னால் பேரப்பிள்ளை வேலைக்கு ஆபத்து. தலித்துக்கு வரலாறு இல்லை என்கிறவர்கள், அதை எழுதினால் தண்டிக்கிற இந்தச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.