டாஸுக்கு முன்

சேப்பாக்கத்தில் சென்னை அணியின் ஐபிஎல் ஆட்டம் ஏழரை மணிக்கு. நாலரைக்கே வாலாஜா சாலை மஞ்சளாகிவிட்டது. நடைபாதையில் தார்ப்பாய் விரித்து ஜெர்சிகளைக் குவித்திருக்கிறார் ஒருவர். பத்தில் எட்டு, முதுகில் தோனியின் 7 போட்டவை. ருதுராஜ் பெயர் போட்டது வேண்டும் என்கிறான் ஒரு பையன். “அதுல உன் சைஸ் இல்ல தம்பி, தல எடுத்துக்கோ.” பையன் அப்பாவைப் பார்க்கிறான். அப்பாவோ கைபேசியில் இருக்கும் டிக்கெட் காணாமல் போய்விடவில்லையே என்று திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். 300-இல் தொடங்கிய பேரம் 200-இல் படிகிறது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. இருந்தாலும் பையன் 7-ஐ மாட்டிக்கொண்டு துள்ளித்தான் போகிறான்.

பக்கத்தில் கன்னத்தில் வண்ணம் தீட்டும் பெண். மஞ்சள் டப்பி, நீல டப்பி, ஒரு பிரஷ், அதைக் கழுவ அரை பாட்டில் தண்ணீர். கன்னத்துக்கு 20 ரூபாய். காலடியில் ஒரு சிவப்பு டப்பியும் இருக்கிறது. எதிரணிக்காரர்கள் வந்தால் எடுப்பார். இந்தச் சாலையில் கட்சி சாராத ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

வாசலில் சோதனை. பவர் பேங்க் கூடாது, சில்லறைக் காசு கூடாது, வெளிச் சாப்பாடு கூடாது. ஓர் அம்மாவின் கையிலிருந்து டிபன் டப்பா வெளியே வருகிறது. லெமன் சாதம். காவலர் தலையை ஆட்டுகிறார். அம்மா வாக்குவாதம் செய்யவில்லை. சுவரோரம் ஒதுங்கி, மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு நாலு வாய் ஊட்டி, மீதியைத் தானே சாப்பிட்டு முடித்து, காலி டப்பாவோடு திரும்பி வருகிறார். டப்பாவும் கூடாது என்கிறார்கள். பொங்கல் டெஸ்ட் நடந்த காலத்தில் ஐந்து நாளும் புளிசாதப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்த ஊர் இது.

உள்ளே இருக்கைதோறும் ஒரு கொடி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அரங்கில் ஆள் பாதிகூட நிறையவில்லை, ஆனால் சத்தம் நிறைந்துவிட்டது. டி.ஜே. எப்போதோ வேலையைத் தொடங்கிவிட்டார். ஸ்பீக்கர் பக்கமாக உட்கார்ந்தவர்களுக்கு நெஞ்சுக்கூடு அதிர்கிறது. மைக் பிடித்த இளைஞர் ஒருவர் எல்லைக் கயிற்றை ஒட்டி ஓடிக்கொண்டே, “இந்தப் பக்கம் சத்தம் பத்தலையே!” என்கிறார். இந்தப் பக்கம் கத்துகிறது. “அந்தப் பக்கம்?” அந்தப் பக்கமும் கத்துகிறது. பெரிய திரையில் ஒரு பட்டை ஏறி இறங்கி, யார் சத்தம் பெரிது என்று காட்டுகிறது. அது நிஜமாகவே சத்தத்தை அளக்கிறதா, யாரோ அறைக்குள் உட்கார்ந்து பட்டனை அமுக்குகிறார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பக்கத்து இருக்கைக் கல்லூரிப் பெண்களுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. தொண்டை கட்டும் வரை கத்திவிட்டு, தங்கள் பக்கம் ஜெயித்ததாகத் திரை சொன்னதும் ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள். ஆட்டம் தொடங்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அவர்கள் ஏற்கெனவே ஒன்றை ஜெயித்தாகிவிட்டது.

கேமரா கூட்டத்தின் மேல் நகர்கிறது. தன் முகம் திரையில் வந்ததைக் கண்டவர்கள் கேமராவை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தே கையாட்டுகிறார்கள். அதனால் திரையில் வருகிற எல்லோருமே வேறெங்கோ பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரு கைக்குழந்தை மட்டும் நேராகப் பார்க்கிறது. காதில் பஞ்சு வைத்திருக்கிறார்கள்.

இந்த நேரத்தில் நடு மைதானத்திலும் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஓரத்து ஆடுகளத்தில் சுழற்பந்து வீச்சாளர் ஒருவர் ஒற்றைக் குச்சியைக் குறிவைத்து வீசிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு பயிற்சியாளர் ஏதோ சொல்ல, அவர் விரலை மாற்றிப் பிடித்துப் பார்க்கிறார். பிரதான ஆடுகளத்தின் அருகே இரண்டு பேர் குனிந்து, கட்டைவிரலால் மண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்கிறார்கள். இன்று இரவு என்ன நடக்கும் என்பதில் பாதி அங்கே தெரிந்துவிடும். திரையில் அப்போது சிங்க பொம்மை ஆடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இரண்டு வரிசை கீழே ஒரு பெரியவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, மஞ்சள் எதுவும் இல்லை. பேத்தி அழைத்துவந்திருக்க வேண்டும். அவர் ஒருவர்தான் ஆடுகளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “காஞ்சு கெடக்குடி. ரெண்டாவது பேட்டிங் ஆடுறவனுக்குக் கஷ்டம்.” பேத்தி குனிந்து, “என்ன தாத்தா?” என்கிறாள். திரும்பச் சொல்கிறார். பாட்டு உச்சத்துக்குப் போகிறது. “கேக்கல தாத்தா!” அவர் கையை ஆட்டி, ஒன்றுமில்லை என்கிறார். அவள் அவர் தோளில் சாய்ந்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்கிறாள். பாசமான பெண்தான். குற்றம் அவளுடையது இல்லை.

அந்தக் காலத்துச் சேப்பாக்கத்திலும் சத்தம் இருந்தது. ஆளுக்கொரு டிரான்சிஸ்டரில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும். கண் மைதானத்தில், காது வானொலியில், வாய் பக்கத்து ஆளோடு. உணவு இடைவேளையில் சிமெண்ட் படியில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவரோடு சுழற்பந்தில் வெங்கட்ராகவனா பிரசன்னாவா என்று சண்டை போடலாம். அதற்கு யாரும் நிகழ்ச்சி நிரல் தரவில்லை.

அதற்காக அந்தக் காலத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாட நான் தயாரில்லை. பெல்ஸ் சாலையில் இரவெல்லாம் வரிசையில் நின்று, விடியற்காலையில் தடியடி வாங்கி டிக்கெட் எடுத்ததில் எந்தக் காவியமும் இல்லை. அந்த வரிசை இப்போது கைபேசிக்குள் போய்விட்டது. உங்களுக்கு முன்னால் லட்சத்துக்கும் மேல் ஆட்கள் நிற்கிறார்கள் என்று எண்ணைக் காட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இன்று என்னைச் சுற்றி மூன்றில் ஒருவராவது பெண். அம்மாவும் மகளும் தனியாக வந்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்து நள்ளிரவில் மெட்ரோ பிடித்து வீட்டுக்குப் போவார்கள். பழைய கேலரியில் இது நடக்காத காரியம். இந்தப் பாட்டும் ஆட்டமும் அவர்களை வரவழைத்ததில் ஒரு பங்கு என்றால், அந்தப் பங்கை நான் மறுக்க மாட்டேன்.

டிரம்ஸ் கலைஞர் சிவமணியையும் என் குறைப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். ஐபிஎல் தொடங்கிய 2008-இலேயே டிரம்ஸோடு இங்கே வந்து உட்கார்ந்தவர். அவர் ஆட்டத்தைப் பார்த்து அடிக்கிறவர், டி.ஜே. பட்டியலைப் பார்த்துப் போடுகிறவர். காதுள்ளவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

கச்சேரி பெரிதாகிக்கொண்டே போகிறது. 2024 மார்ச் 22 அன்று ஐபிஎல் தொடக்க விழா இங்கேதான் நடந்தது. ஏ.ஆர். ரஹ்மானும் சோனு நிகமும் பாடினார்கள், அக்‌ஷய் குமாரும் டைகர் ஷ்ராஃபும் ஆடினார்கள். அதற்காக ஏழரை மணி ஆட்டம் எட்டு மணிக்குத் தள்ளிப்போனது. மறு ஆண்டு மும்பையுடனான ஆட்டத்துக்கு முன்னால் அனிருத். காரணம் புரியாத ரகசியம் இல்லை. சோதனைக்காக மூன்று மணி நேரம் முன்பே ஆட்களை உள்ளே வரச் சொல்கிறார்கள். வந்தவர்களைச் சும்மா உட்காரவைக்க முடியாது. தொலைக்காட்சியில் முன்னோட்ட நிகழ்ச்சி ஓடும்போது பின்னணியில் ஆரவாரம் கேட்க வேண்டும். விளம்பரப் பலகைகளுக்குக் கண்கள் வேண்டும். 2024-இல் மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய் ஆனபிறகு, அந்தக் காசுக்கு இருபது ஓவர் ஆட்டம் மட்டும் போதாது என்று நடத்துகிறவர்களே நினைத்துவிட்டார்கள். அரசாங்கமும் இதை வெறும் விளையாட்டாக நினைக்கவில்லை போலிருக்கிறது. 2025 செப்டம்பரில் ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டியை 40 சதவீதம் ஆக்கினார்கள்; கேசினோவுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் அதே வரி.

“எல்லாரும் எழுந்திருங்க! கொடியைத் தூக்குங்க!” மைக் இளைஞர் மறுபடி வந்துவிட்டார். எழுகிறோம். நானும்தான், உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. முழங்கால் வலிக்கிற பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்.

1999 ஜனவரியில் பாகிஸ்தான் இங்கே 12 ரன்னில் டெஸ்டை வென்றது. சச்சின் 136 அடித்து ஆட்டமிழந்து, மீதி விக்கெட்டுகள் சரிந்து, அரங்கம் பேச்சற்றுப் போனது. பிறகு வென்றவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது ஊரே எழுந்து நின்று கைதட்டியது. எழுந்திருங்க என்று யாரும் மைக்கில் சொல்லவில்லை. 2024 ஏப்ரலில் கொல்கத்தாவுக்கு எதிராக தோனி மட்டையோடு இறங்கியபோது ஆண்ட்ரே ரஸல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அந்தச் சத்தத்தையும் எந்தப் பட்டனும் கிளப்பவில்லை. இந்தக் கூட்டத்துக்கு எப்போது கத்த வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தரச் சொல்லித்தர மறந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

ஏழு மணி. கோட்டும் சூட்டுமாக ஒருவர் மைக்கோடு நிற்க, நாணயம் மேலே போகிறது. கீழே விழுந்ததும் அரங்கம் அலறுகிறது. யார் ஜெயித்தார்கள் என்பது தெரிந்த அலறல் இல்லை. தலைவரின் முகம் திரையில் தெரிந்ததற்கான அலறல். முடிவு என்ன என்று பெரியவர் பேத்தியைக் கேட்கிறார். அவள் கைபேசியில் தேடி, எதிரணி முதலில் ஆடுகிறது என்கிறாள். நாம் இரண்டாவது. பெரியவர் வாயைத் திறக்கிறார். டி.ஜே. முந்திக்கொள்கிறார்.

நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். டாஸுக்கும் முதல் பந்துக்கும் நடுவே அரை மணி நேரம் இருக்கிறது. அதில் பத்து நிமிடம் மட்டும் ஸ்பீக்கரை அணைத்து வையுங்கள். பக்கத்து ஆளோடு பிட்ச்சைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். வேண்டுமானால் அந்தப் பத்து நிமிடத்தையும் ஏதாவது சிமெண்ட் கம்பெனிக்கு விற்று, அவர்கள் பெயரைத் திரையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்சேபமில்லை.