எழுபது வளைவு ஏறிய பாட்டில்

கொல்லிமலை ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாயிற்று. அவை ஒரு பழைய ஒயின் பாட்டிலை என்ன பாடுபடுத்தும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. காரவள்ளியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே என் மடியில் இருந்த பாட்டிலுக்குள் அடிவண்டல் எழும்பிவிட்டது. "ஆட்டாதடா, ஆட்டாதடா" என்று நண்பன் பக்கத்தில் கத்திக்கொண்டே வந்தான். நானா ஆட்டினேன்?

அவனுடைய பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. ஒருமுறை ஊருக்கு வந்தபோது அவர் கொடுத்துவிட்டுப் போனது இந்த போர்தோ. மெதோக் பகுதிச் சரக்கு, 1989 அறுவடை. போர்தோக்காரர்கள் இன்றும் பெருமையாகப் பேசும் வருடம் அது. "கல்யாணத்துக்குத் திற" என்றாராம். கல்யாணத்தன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அப்புறம் குழந்தை பிறந்தது, பெரியப்பா காலமானார். பாட்டில் சென்னையில் ஓர் இரும்பு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. இந்த மாதிரி ஒயின் 12, 13 டிகிரி குளிரில், இருட்டில் படுத்திருக்க வேண்டும் என்பார்கள். இதன்மேல் எத்தனை சென்னைக் கத்திரி வெயில் போயிற்றோ.

சிவப்பு ஒயினை 16 முதல் 18 டிகிரிக்குள் குடிக்க வேண்டும், அதற்காக ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்வது பெரியப்பாவுக்கு அவமரியாதை என்பது நண்பனின் கட்சி. மார்கழியில் மலையேற எனக்கு ஒரு சாக்கு. மற்றபடி ஒயினை முகர்ந்து பார்த்துவிட்டுப் பத்து வாசனைகளை அடுக்குகிறவர்களை நான் பாதி நடிகர்கள் என்றே நினைத்திருந்தேன்.

நாங்கள் தங்கிய வீடு செம்மேட்டுக்கு அப்பால், மரம் தவறாமல் மிளகுக்கொடி படர்ந்த ஒரு காபித் தோட்டத்துக்குள். வீட்டுக்காரர் மலையாளிப் பழங்குடிப் பெரியவர். வண்டல் இறங்க பாட்டிலை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைக்க வேண்டும் என்றோம். ஏன் எதற்கு என்று கேட்காமல் சாமை மூட்டை இருந்த இருட்டு மூலையைக் காட்டினார். விற்பதற்கு மரவள்ளி, தின்பதற்குச் சாமை. ஒரு காலத்தில் மலை முழுக்க சாமையும் தினையும் கேழ்வரகுமாக இருந்ததாம். கீழே ஜவ்வரிசி ஆலைகள் பெருகப் பெருக மரவள்ளி மேலே ஏறிவிட்டது.

அந்தப் பகலில் எனக்கு வேறொரு யோசனை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரியின் மலை இது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூற்றிலேயே பேச்சு உண்டு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மது வந்த இருகைச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. நண்பனின் பூர்வீக வீட்டிலிருந்து அரிக்கமேடு கூப்பிடு தூரம். ஆனால் அந்த மது வந்தது சாடியில். பாட்டிலில் அடைத்துக் கார்க் மூடிப் படுக்கவைத்து முதிரவிடும் பழக்கமே 18ஆம் நூற்றாண்டில்தான் வேர்பிடித்தது. இந்தப் பக்கத்து மலைக்காரர்களோ தேனை மூங்கில் குழாயில் விளையவைத்துக் குடித்ததாகச் சங்கப் பாட்டில் வருகிறது. பெரியவரிடம் கேட்டேன். "மூங்கில்லயா? இப்ப யாரு செய்யறா? கீழ போனா கடை இருக்கே" என்று முடித்துவிட்டார்.

ராத்திரி திறந்தோம். திருகாணி பட்டதும் கார்க் உதிர்ந்து பாதி உள்ளே விழுந்தது. பெரியவரின் மருமகள் துவைத்த வேட்டித் துணி ஒன்றைக் கொண்டுவர, செல்போன் விளக்கைக் கழுத்துக்கு நேரே பிடித்து எவர்சில்வர் சொம்பில் வடிகட்டினேன். அதற்கே ஒரு சண்டை. வயதான ஒயினைக் காற்றில் இப்படிக் கொட்டக்கூடாது, பாட்டிலிலிருந்தே டம்ளரில் சாய்க்க வேண்டும் என்றான் நண்பன். "கசடோட குடிச்சா நல்லாவா இருக்கும்? வடிச்சதுதாண்ணா சரி" என்று மருமகள் தீர்ப்புச் சொன்னாள்.

கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்த்தால் சிவப்பே இல்லை. செங்கல் நிறம், ஓரத்தில் காவி. ஒரு வாய் குடித்தேன். புளிப்பு, பின்னாலேயே ஒரு வெறுமை. "செத்துப்போச்சு" என்றேன். நண்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பெரியவர் குடிக்கவில்லை, முதலில் மூக்கருகே வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு மிடறு. "பழம் போயிருச்சு தம்பி. புளிதான் நிக்குது."

நடப்பதும் அதேதான். ஆண்டுகள் ஆக ஆகப் பழ வாசனை கரைகிறது. துவர்ப்பைத் தரும் டானினும் நிறமும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து வண்டலாக இறங்குகின்றன. புளிப்பு மட்டும் இறங்காது, அப்படியே நிற்கும். வெக்கையில் கிடந்த பாட்டிலில் இதெல்லாம் இன்னும் சீக்கிரம். இதைச் சொல்ல எனக்கு நாலு புத்தகம் வேண்டியிருந்தது.

அவர் மறுபடி முகர்ந்தார். "சருகு வாசம் வருது. மழை விட்ட மறுநா சோலைக்குள்ள போனா வருமே, காளான் முளைக்கற எடத்துல." நான் டம்ளரைத் திரும்ப எடுத்தேன். வந்தது. ஈரச் சருகு, அதற்குள் மெல்லிய தோல் வாடை. முதிர்ந்த போர்தோவுக்கு வல்லுநர்கள் எழுதும் வாசனைகளில் காட்டுத்தரையும் காளானும் எப்போதும் இருக்கும். எல்லாம் பாதி நடிப்பு என்ற என் எண்ணத்தை அங்கேயே விட்டுவிட வேண்டியதாயிற்று.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. பச்சை மிளகு அரைத்துப் போட்ட நாட்டுக்கோழி ஒயினை அடித்துப் போட்டது. வெறும் சாமைச் சோற்றோடு குடித்தபோதுதான் அது கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது, நிஜமாகவே நன்றாக. நண்பன் பேசாமல் குடித்தான். சாப்பாடு முடிவதற்குள் வாசனை அடங்கிக் காடியாகிவிட்டது. "சொன்னேன்ல, காத்துல கொட்டாதேன்னு" என்று அவன் மறுபடி ஆரம்பித்தான். அது இன்னும் தீரவில்லை.

பெரியவர் உள்ளே போய் ஒரு பழைய தேன் பாட்டிலைக் கொண்டுவந்தார். கறுத்து, அடியில் சர்க்கரையாக உறைந்திருந்தது. மருந்துக்கென்று வைத்திருப்பது. புதுத்தேன் உடம்பைத் தேற்றும், ஓராண்டு தாண்டிய தேன் ஊளைச்சதையைக் கரைக்கும் என்று ஆயுர்வேதமும் பிரித்துத்தான் சொல்கிறது. தேனில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கிருமி பெருகாது, அதனால் கெடாது. நாக்கில் வைத்தேன். இனிப்புக்குப் பின்னால் லேசான கசப்பு.

காலையில் கிளம்பும்போது பெரியவர் காலி பாட்டிலைக் கேட்டார். பெரியப்பா ஞாபகம், தரமாட்டேன் என்றான் நண்பன். "அப்ப தேன் ஊத்தித் தர்றேன், எடுத்துட்டுப் போங்க." நண்பன் நெகிழ்ந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"முக்கா லிட்டர் பாட்டில்தான், ஆனா தேன் கனம். கிலோவுக்கு மேல புடிக்கும்" என்று சொல்லி, பாட்டிலை வெறுமையாக ஒருமுறை, நிரப்பி ஒருமுறை தராசில் வைத்தார். கிலோவுக்கு மேலிருந்த ஐம்பது கிராமுக்கும் சேர்த்தே காசு வாங்கிக்கொண்டார்.