காற்றைச் சற்றுக் குறைத்தல்



சென்ற வாரம் நான் உங்களுக்கு எழுதவில்லை. சிலர் அன்போடு விசாரித்தீர்கள். திங்கட்கிழமை மகனோடு மலைக்குச் சென்றிருந்தேன். அங்கே நடந்ததை எழுதுவதற்கு அவனுடைய சம்மதம் வேண்டியிருந்தது. அது இந்த வாரந்தான் கிடைத்தது.

நாங்கள் சென்ற இடம் கிராபுண்டன் மாநிலத்தின் தென்கோடியிலுள்ள பெர்னினா கணவாய். 1910ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட அந்த மலைத் தொடருந்துப் பாதையில் ஏறிச் சென்று, 2253 மீற்றர் உயரத்திலுள்ள ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தில் சைக்கிள்களோடு இறங்கினோம். நிலையத்துக்கு முன்னால் ஏரி. ஆவணி மாதமாயிருந்தும் காற்றில் பனியின் வாடை இருந்தது.

எனக்கு மகன் இரவல் வாங்கித் தந்தது கிராவல் சைக்கிள். பார்வைக்குப் பந்தயச் சைக்கிள்போலக் கீழ்நோக்கி வளைந்த ஹாண்டில்; டயர் மட்டும் அகலமானது, ஏறக்குறைய 40 மில்லிமீற்றர். தார்வீதியிலும் ஓடும், சரளைக்கல் பாதையிலும் ஓடும். முந்தின இரவே நான் அதற்குக் கல்லைப்போல இறுகும்வரை காற்றடித்து வைத்திருந்தேன். சைக்கிள் என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் விறகும் அரிசி மூட்டையும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய அன்று, என் தாயாரைப் பின்னால் இருத்தி, பெட்டிகளை முன்னால் கட்டி, இரவு முழுவதும் உருட்டிச் சென்றேன். டயரில் காற்று இறுக்கமாக இருந்தபடியால்தான் அந்தச் சைக்கிள் சுமையைத் தாங்கியது. அந்தப் பாடத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஏரியின் கிழக்குக் கரையில், தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் இடையே தெற்கு அணையை நோக்கிப் போகிறது பாதை. ஐந்து நிமிடம் ஓடியிருக்க மாட்டேன், கைகள் மரத்துவிட்டன. ஒவ்வொரு கல்லிலும் சைக்கிள் துள்ளியது. துள்ளத் துள்ள நான் ஹாண்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பிடிக்கப் பிடிக்க அது இன்னும் தடுமாறியது. முன்னே சென்ற மகன் திரும்பி வந்து, குனிந்து, என் டயரை விரலால் அழுத்திப் பார்த்தான்.

“காத்துக் கூடிப்போச்சு, அப்பா. கொஞ்சம் திறந்து விடட்டோ?”

நான் பதில் சொல்லுமுன்பே காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. எனக்கு மனம் பதைத்தது. அவன் பொறுமையாக விளக்கினான். இறுகிய டயர் கல்லின்மேல் துள்ளும்; துள்ளும் பொழுதில் அது நிலத்தைத் தொடுவதில்லை. தொடாதபோது பிடிமானமும் இல்லை, பிரேக்கும் பயனில்லை. சற்று நெகிழ்ந்த டயரோ கல்லைச் சுற்றி அமுங்கி, நிலத்தை விடாமல் போகும். ஆனால் அளவுக்கு மிஞ்சிக் குறைத்தாலும் ஆகாது. சில்லின் விளிம்பு கல்லில் அடிபட்டு டியூப் கிழிந்துவிடும்.

“இறுக்கிப் பிடிக்காதேங்கோ. காலடியிலை இருக்கிற கல்லைப் பாக்காதேங்கோ. போற இடத்தைப் பாருங்கோ.”

அப்படியே செய்தேன். பாதை மாறவில்லை, கற்களும் குறையவில்லை. ஆனால் முதன்முறையாக ஏரியை நிமிர்ந்து பார்க்க முடிந்தது. நடந்துவந்த முதியவர்களுக்காக வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி வழிவிடவும் முடிந்தது.

தெற்கு அணைவரை சென்று, வந்த வழியே திரும்பி, ஏரியின் வடக்கு முனைக்குப் போனோம். மேற்குக் கரையில் இருப்பது நடப்பவர்களுக்கான ஒடுங்கிய பாதை. அதில் நாங்கள் இறங்கவில்லை.

அன்பானவர்களே, அந்த வடக்கு முனையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். கணவாயின் உச்சியில் மூன்று ஏரிகள் வரிசையாக இருக்கின்றன. தெற்கே, 2234 மீற்றர் உயரத்தில், லாகோ பியாங்கோ. இத்தாலிய மொழியில் ‘வெள்ளை ஏரி’. மலைமேலுள்ள பனியாறு பாறையை மாவாக அரைத்து அனுப்புவதால், பால் கலந்ததுபோல அதன் நீர் வெளிறியிருக்கிறது. அணைக்கு அப்பால் லெய் நாயிர்; ரோமான்ஷ் மொழியில் ‘கறுப்பு ஏரி’. அந்தப் பாறைமாவு அங்கே சேர்வதில்லை, ஆகவே நீர் இருண்டு தெளிந்திருக்கிறது. அதற்கும் வடக்கே லெய் பிட்சன், ‘சின்ன ஏரி’.

வெள்ளை ஏரிக்கும் கறுப்பு ஏரிக்கும் இடையே கூப்பிடு தூரந்தான். ஆனால் வெள்ளை ஏரியின் நீர் தெற்கே பொஸ்கியாவோ பள்ளத்தாக்கில் இறங்கி, அடா ஆற்றிலும் பின் போ ஆற்றிலும் கலந்து ஆத்திரியாட்டிக் கடலை அடைகிறது. கறுப்பு ஏரியின் நீரோ வடக்கே இன் ஆற்றில் சேர்ந்து, இன்ஸ்புருக் நகரைக் கடந்து, பஸ்ஸாவில் டானூப் ஆற்றோடு கலந்து, வியன்னா, புடாபெஸ்ட், பெல்கிரேட் நகரங்களைத் தாண்டிக் கருங்கடலுக்குப் போகிறது. ஒரே மேகம் பொழிந்த பனி, ஒரு மேட்டின் இப்புறமும் அப்புறமும் விழுந்ததனால் இரண்டு கடல்களுக்குப் பிரிகிறது. ஏரியின் பெயர்கூட அந்த மேட்டில்தான் மொழி மாறுகிறது.

மகனோடு அங்கே நின்றபோது எனக்கு அச்சம் உண்டாயிற்று. நான் பேசும் மொழி அவனுக்கு இரண்டாவது மொழி. நான் ஜெபித்த வார்த்தைகளில் அவன் ஜெபிப்பதில்லை. எத்தனையோ மாதங்களாக அவன் ஆராதனைக்கு வரவில்லை. இவன் வேறு கடலுக்குப் போய்விடுவானோ?

இனி எழுதப்போவது எனக்கு எளிதன்று. லூக்கா 15ஆம் அதிகாரத்திலிருந்து இளைய குமாரனைப் பற்றி நான் பிரசங்கித்த அந்த ஞாயிறு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தைய சில வாரங்கள் மகன் வரவில்லை. அன்று தாயின் வேண்டுகோளுக்காக வந்திருந்தான். நான் அவன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் தூரதேசத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவன் இருந்த வரிசையைப் பார்த்துப் பேசினேன். உங்களில் சிலர் திரும்பிப் பார்த்தீர்கள். திரும்பிப் பார்க்க வைத்தவன் நான். அவன் தலை குனிந்திருந்தான். அதற்குப் பின் அவன் வரவில்லை.

அந்த உவமையின் தகப்பனை நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அவர் மகனின் பங்கைக் கொடுத்து அனுப்பினார், காத்திருந்தார், கண்டவுடன் ஓடினார். ஊராரைக் கூட்டி மகனின் குறையைச் சொன்னதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. கூட்டினது விருந்துக்கு மட்டுமே. இதை நான் பிரசங்க பீடத்தில் நின்றபோது கவனிக்கவில்லை. என் டயரில் காற்று அத்தனை இறுக்கமாயிருந்தது. கல்லில் மோதித் துள்ளினேனேயன்றி நிலத்தைத் தொடவில்லை.

கறுப்பு ஏரியின் கரையில் அவனிடம் சொன்னேன்: “அண்டைக்குப் பிரசங்கத்திலை நான் உனக்குச் செய்தது பிழை. மன்னிச்சுக்கொள்.”

அவன் நெடுநேரம் தண்ணீரையே பார்த்திருந்தான். சிவப்புத் தொடருந்து ஒன்று கடந்து போனது.

“எனக்கு மட்டும் சொன்னால் காணாது, அப்பா. அண்டைக்கு எல்லாரும் இருந்தவை.”

ஆகவேதான் இதை எழுதுகிறேன். எல்லாரும் இருந்த இடத்தில் நான் அவனைக் குனிய வைத்தேன். எல்லாரும் வாசிக்கும் இடத்தில் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அனுப்புமுன் அவன் இதை வாசித்தான். ஒரு வரியை நீக்கச் சொன்னான். நீக்கிவிட்டேன்.

ஆராதனைக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. குளிர்காற்று எழும்பியதும் தன் மேற்சட்டையை எடுத்து எனக்குத் தந்தான். நிலையம்வரை பக்கத்துப் பக்கமாக வந்தோம்.

உங்கள் வீடுகளிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு என்று அறிவேன். பலர் கண்ணீரோடு என்னிடம் பேசியிருக்கிறீர்கள். விசுவாசத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காற்று முழுவதும் போன டயர் எங்கும் போகாது. ஆனால் நம்மைச் சுமக்க வைத்த அதே இறுக்கம், பிள்ளைகள் போகும் பாதையில் நம்மை அவர்களைத் தொடவிடாமல் துள்ளச் செய்யக்கூடும். இந்த வாரம் உங்கள் பிள்ளையோடு அவனுக்குப் பிரியமான ஓரிடத்துக்கு, அவன் சொல்லும் வேகத்தில் போய் வாருங்கள். எந்தக் கடலுக்குப் போனாலும் அந்த நீர் ஆண்டவரின் வானத்திலிருந்து வந்ததே.

என்னிலிருந்து ஒரு வேண்டுகோளும் உண்டு. கடைத்தெருவிலோ தொடருந்திலோ என் மகனைக் கண்டால், ஏன் சபைக்கு வருவதில்லை என்று கேளாதிருங்கள். அவனுடைய சைக்கிளைப் பற்றிக் கேளுங்கள். அவன் சந்தோஷமாகப் பேசுவான்.

கர்த்தரின் சமாதானம் உங்களோடிருப்பதாக.