வெயிலுக்கும் பட்டா

நம்ம சனத்துக்குக் கரண்டு கம்பி வழியா மட்டும் வர்றதில்லை. நிலத்தைப் பார்த்துத்தான் வருது. 2011இல் தமிழக அரசு சூரிய சக்திப் பசுமை வீடு திட்டத்தை அறிவித்தது. வீட்டுக்கு ரூ. 1.80 லட்சம்; அதில் 30,000 ஐந்து சூரிய விளக்குகளுக்கு. ஆனால் மனைக்குப் பட்டா வேண்டியிருந்தது. 2024இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டம் 78,000 வரை மானியம் தருகிறது. அதற்குச் சொந்தக் கூரை வேணும். கரடியூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து லயனில் மூணு தலைமுறையா கெடக்கிறவங்களுக்குக் கூரை ஏது? "வெயிலுக்குமா கண்ணு பட்டா கேக்கறாங்க?" என்றார் ஒரு பாட்டி.

சீட்டுப் பணத்தில் ஒரு செட் வாங்கினார்கள். கடைக்காரர் சொல்லி அனுப்பியது ஒண்ணுதான்: "12 வோல்ட்டுதானே, ஒண்ணும் ஆகாது."

பாதி உண்மை. ஷாக் அடிக்காது, தீப்பிடிக்கும். 60 வாட்டுக்கு 240 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடும். மெல்லிசு வயர் காயும். பேட்டரியின் ரெண்டு முனையிலும் ஸ்பானர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அதனால் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ். ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் கிளம்பும். ஒத்தை அறை வீட்டில் அடுப்புப் பக்கம் வைக்கவே கூடாது, காத்தோட்டமான இடம் வேணும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பலகை. கழட்டும்போது முதலில் பலகை. பலகை தெற்குப் பார்த்து, 12 டிகிரி சாய்வில். சில்வர் ஓக் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மின்சாரம் பாதியாகலாம். இதையெல்லாம் லயன் பெண்களே கத்துக்கிட்டுச் செஞ்சாங்க. படிக்காதவங்களுக்கு எதுக்கு இதெல்லாம் என்கிற பேச்சுதான் வயரைவிட ஆபத்து.

1942 முதல் 46 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு மின்சாரக் கொள்கையையும் கவனித்தவர் அம்பேத்கர். மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் வேணும் என்று வாதாடினார். வறுமையை விரட்டுகிற வழி அவருக்கு அது, சலுகை அல்ல.

தோட்டத்துல போகச் சொன்னா, நாலு போல்ட்டைக் கழட்டினாப் போதும், பலகை நம்மகூட வந்துடும். வீடு வராது. வெளக்கு எரியுதேன்னு பட்டா கேக்கிறதை நிறுத்திடக் கூடாது.