ஓர் அணாவுக்கு மிகாமல்

மன்னர்களின் மெய்க்கீர்த்திகளைப் பாடமாக நடத்திப் பழகிய நமக்கு நகரவைத் தீர்மானங்களின் நடை முதலில் சுவைக்கவில்லை. 'அனுமதிக்கப்பட்டது', 'ஒத்திவைக்கப்பட்டது' என்று முடியும் வறண்ட தொடர்கள் அவை. எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்த முனைக்குக் குழாய், எந்தச் சாக்கடைக்கு மூடி என்பனவே அவற்றின் உட்பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாநகரவை இத்தகைய சிறு முடிவுகளால்தான் நகரை ஆண்டது. 1914இல் கீழ்ப்பாக்கம் நீர்நிலையம் திறக்கப்பட்டதும் அவ்வகையில் ஒன்று. 1913 நவம்பர் 26இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையின் வெண்சுவர்களை வியந்து நிற்போர் பலர். அதனுள் பேசப்பட்டவற்றைத் தேடிப் படிப்போர் சிலரே. நாமும் நெடுநாள் அந்தப் பலருள் ஒருவராகவே இருந்தோம்.

நம் எண்ணத்தை மாற்றியது 1920 செப்டம்பர் 16ஆம் நாள் தீர்மானம். அப்போது அவையின் தலைவர் சர் பிட்டி தியாகராயர். பள்ளிவாசலால் பெயர்பெற்ற ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க அவை அன்று ஒப்புதல் அளித்தது. செலவு, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் இருக்கவேண்டும். அங்கே பயில்வோர் மிக ஏழைகள், அதனால் பள்ளியின் எண்ணிக்கை குன்றுகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம்.

அணாவைக் கண்டறியாத மாணவர்களுக்காக ஒரு கணக்கு: ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே 100 பிள்ளைகளுக்கு ஒரு நாள் செலவு 6 ரூபாய் 4 அணா. (கணக்கு நம் துறையன்று, பிழையிருப்பின் கணிதத்துறை நண்பர்கள் பொறுத்தருள்க.)

அந்த 'மிகாமல்' என்னும் சொல் நம்மை உறுத்தியது. பசித்த பிள்ளையின் முன் என்ன அளவுகோல் என்று சினந்தோம். மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபிக்கு வரவுசெலவு எழுதவேண்டியதில்லை. நகரவைக்கோ வரி கொடுத்தவனிடம் ஒவ்வோர் அணாவுக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது. மேலே இருந்த அரசுக்கும் சொல்லவேண்டியிருந்தது. இத்திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தபின், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யலாகாது என்று அரசு மறுத்தது. 1925இல் திட்டம் நின்றது. பிள்ளைகளுக்குப் பசி தீர்ந்துவிடவில்லை. செலவை எழுதிய தலைப்புத்தான் தவறாம்!

ஆயினும் அந்த வறண்ட நடையின் மேல் நமக்கு இன்று கோபமில்லை. அதற்குக் காரணம் நம் வீட்டில் நடந்த ஒன்று.

1982இல் சத்துணவுத் திட்டம் வந்து சில ஆண்டுகள் கழித்து நாம் தொடக்கப்பள்ளியில் சேர்ந்தோம். வெளிநாடு சென்ற வாப்பாவிடமிருந்து பணம் வருவது நின்றுபோயிருந்த காலம். வீட்டில் ஒருவேளைதான் உலை கொதிக்கும். இருந்தும், தட்டேந்தி வரிசையில் நிற்பது குடும்பத்துக்கு இழுக்கு என்று உம்மா தடுத்துவிட்டார்கள். நண்பகலில் மற்றவர் உண்ணும்போது நாம் குழாயடியில் நின்று தண்ணீர் குடித்து வகுப்புக்குத் திரும்புவோம். இதைக் கவனித்த தலைமையாசிரியர் ஒருநாள் மாலை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றார்கள். ராத்தா நடுவில் நின்றாள்.

"பிள்ளை சாப்பிட வரமாட்டேன் என்கிறான்."

"நாங்கள் தருமச் சோறு வாங்கியதில்லை சார்" என்றது கதவுக்குப் பின்னிருந்த குரல்.

அவர் இரக்கமாக ஒரு சொல்லும் பேசவில்லை. "இது யார் வீட்டுத் தருமமும் இல்லை அம்மா. பதிவேட்டில் உங்கள் பிள்ளையின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு அரிசி அளந்து வருகிறது. அவன் வராவிட்டால் நான் அதை மீதம் என்று எழுதவேண்டும். அவ்வளவுதான்."

சற்று நேரம் அமைதி நிலவியது.

"பேர் எழுதியிருக்கா?" என்று உம்மா கேட்டார்கள்.

"எழுதியிருக்கிறது."

இரக்கத்தோடு அவர் கெஞ்சியிருந்தால் அந்தக் கதவு திறந்திராது என்றே நினைக்கிறோம். ஆயிரம் விளக்கில் ஓர் அணாச் சிற்றுண்டி உண்ட பிள்ளைகளின் வீடுகளிலும் எத்தனை தாய்மார் இப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றிருப்பார்களோ!

மறுநாள் காலை உம்மா அலமாரியின் மேலிருந்த அலுமினியத் தட்டை எடுத்துச் சாம்பலிட்டுத் துலக்கினார்கள். பிறகு ராத்தாவைப் பாத்திரக் கடைக்கு அனுப்பி, அதன் விளிம்பில் நம் பெயரை வெட்டி வாங்கிவரச் செய்தார்கள்.