மஞ்சள் விளக்கு

மூன்று மாதங்களாக அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேகமானிக்கு அருகே சிறியதாய் ஒரு கார். அதன் அடியில் வழுக்கிச் சென்ற சக்கரங்களின் நெளிந்த தடங்கள். பக்கத்திலேயே ஏ.பி.எஸ். என்ற எழுத்துகள். இரண்டும் மஞ்சள். 'சிவப்பில்லையே, மஞ்சள்தானே' என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். அக்காவும் தம்பியுமாகப் பணம் போட்டு வாங்கிய பழைய கார். அதன் பொறுப்பு இருவருக்கும் பொது என்பதால் உண்மையில் ஒருவருக்கும் இல்லாமல் இருந்தது.

விளக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. வலது முன்சக்கரத்திலிருந்து உறுமல் கேட்டதால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேரிங் மாற்றினோம். உறுமல் போயிற்று, விளக்கு வந்தது. திரும்பிப் போனால் சென்சார் போய்விட்டது என்றார்கள். புதிய சென்சார் போட்டு, ஸ்கேனரைச் செருகி, பதிவாகியிருந்த பிழையை அழித்தார்கள். விளக்கு அணைந்தது. இரண்டு தெரு தாண்டுவதற்குள் மறுபடி எரிந்தது. 'இப்படித்தான் சில வண்டியில் எரியும், ஓட்டுவதற்கு ஒன்றும் ஆகாது' என்றார்கள். நாங்கள் கேட்க விரும்பியதும் அதைத்தான்.

ஒன்றும் ஆகாது என்பதும் முழுப்பொய் அல்ல. வண்டி ஓடியது, சாதாரண பிரேக்கும் பிடித்தது. காணாமல் போயிருந்தது வேறொன்று. இழுவைக் கட்டுப்பாடு, அதாவது டிராக்‌ஷன் கண்ட்ரோல், தனியாக இயங்கும் கருவி அல்ல, ஏ.பி.எஸ்ஸின் தோளில் ஏறி நிற்பது. பாஷ் நிறுவனத்தின் ஏ.பி.எஸ். 1978-இல் மெர்சிடிஸ் கார்களில் வந்தது. இழுவைக் கட்டுப்பாடு 1986-இல் அதைத் தொடர்ந்து வந்தது. இரண்டுக்கும் கண்கள் ஒன்றே: நான்கு சக்கரங்களிலும் உள்ள வேக சென்சார்கள். பிரேக் அழுத்தும்போது ஒரு சக்கரம் பூட்டிக்கொண்டால் அதன் பிடியை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்குவது முதலாவது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒரு சக்கரம் பிடிமானமின்றி வீணே சுழன்றால், அதற்கு மட்டும் பிரேக் கொடுத்து எஞ்சினின் வேகத்தையும் குறைப்பது இரண்டாவது. நான்கு கண்களில் ஒன்று குருடானாலும் இரண்டும் ஒதுங்கிக்கொள்ளும். அந்த விளக்கு மின்னி மின்னி அணைந்தால் கட்டுப்பாடு வேலை செய்கிறது என்று பொருள். விடாமல் எரிந்தால், அதை நாமே அணைத்து வைத்திருக்கிறோம், அல்லது அது செயலிழந்திருக்கிறது. இவ்வளவும் பின்னால் தெரிந்துகொண்டவை.

2023 ஜூலையில் அப்பா வால்பாறைக்குப் போக வேண்டும் என்றார். எஸ்டேட் லாரி ஓட்டியே எங்களைப் படிக்கவைத்தவர். ஓய்வுபெற்றுப் பொள்ளாச்சிக்கு வந்தபின் மலையேறவில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலம். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். கிளம்பியதும் முன்னிருக்கையிலிருந்து கேட்டார்.

"அது என்ன லைட்டு, சாமி?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. சும்மா எரியுது."

ஏறும்போதே ஒரு முன்னறிவிப்பு கிடைத்தது. ஈரமான வளைவொன்றில் உட்பக்கச் சக்கரம் சுழன்றது. எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரைத் தளர்த்தியபின்தான் பிடித்து ஏறியது. அப்பா மறுபடி விளக்கைப் பார்த்தார். இம்முறை கேட்கவில்லை.

அன்று பழைய ஃபாக்டரியையும் லைன் வீட்டையும் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினோம். மூடுபனியும் மழையும். வளைவுகளின் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. ஒரு வளைவில் எதிரே பேருந்து திடீரெனத் தோன்ற, பிரேக்கை முழுதாக மிதித்தோம். எங்களில் யார் ஓட்டினோம் என்பதை எழுதப்போவதில்லை. அந்தப் பொய் இருவருக்கும் சொந்தம். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாமல், வழவழவென்று நேராகத் தடுப்புச்சுவரை நோக்கிப் போயிற்று.

"பிரேக்கை விடு!"

அப்பா அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதில்லை. சுவரை நோக்கிப் போகிற வண்டியில் பிரேக்கை விடச் சொல்கிறார். ஆனால் பாதம் கீழ்ப்படிந்துவிட்டது. பூட்டு விலகிச் சக்கரங்கள் உருண்டன, முன்பகுதி திரும்பியது. "இப்பப் புடி. விடு. புடி." இடப்பக்கம் சுவரில் உரசி, கண்ணாடி உடைந்து, வண்டி நின்றது. பேருந்து கடந்து போயிற்று. சுவருக்கு அப்பால் பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஏ.பி.எஸ். இல்லாத லாரிகளில் முப்பது வருடம் ஓட்டியவரின் கால் அறிந்திருந்ததை, அந்த விளக்கு எரியாத காரில் ஒரு கருவி செய்திருக்கும்.

பொள்ளாச்சி வரும்வரை யாரும் பேசவில்லை.

மறுநாள் அப்பாவே தமக்குத் தெரிந்த வயதான மெக்கானிக்கிடம் கூட்டிப் போனார். அவர் எதையும் கழற்றவில்லை. ஸ்கேனரைச் செருகி, நான்கு சக்கரங்களின் வேகமும் தனித்தனியாகத் தெரியும்படி வைத்து, எங்களை ஓட்டச் சொன்னார். மூன்று எண்கள் சேர்ந்து உயர்ந்தன. வலது முன்சக்கரம் மட்டும் பூஜ்யத்திலேயே நின்றது.

"கடைசியா இந்தச் சக்கரத்துல என்ன வேலை பார்த்தீங்க?"

சொன்னோம். சென்சார் புதியது, அதன் ஒயரும் அறுபடவில்லை. மிச்சம் பேரிங்தான். எங்கள் கார் போன்றவற்றில் சென்சார் படிப்பது பல் வைத்த வளையத்தை அல்ல. பேரிங்கின் ஒரு முகத்தில் பதித்த காந்தப் பட்டையை. கண்ணுக்கு இரண்டு முகமும் ஏறக்குறைய ஒன்றுபோலிருக்கும். புதிய பேரிங் ஒன்றை எடுத்து, இரு முகங்களிலும் குண்டூசியை வைத்துக் காட்டினார். ஒன்றில் ஒட்டியது, மற்றொன்றில் விழுந்தது. ஒட்டுகிற முகம் சென்சாரைப் பார்த்திருக்க வேண்டும்.

"திருப்பி மாட்டியிருக்காங்க. அவ்வளவுதானுங்க."

அழுத்தி வெளியே எடுத்த பேரிங்கை மறுபடி பயன்படுத்தக்கூடாது என்பதால் புதியதே போட்டார். எல்லா விளக்குக்கும் காரணம் இதுவல்ல என்றும் சொன்னார்: சென்சார் முனையில் சேறு, உள்ளுக்குள் முறிந்த ஒயர், பலவீனமான பேட்டரி, அளவு மாறிய டயர், அலைன்மென்ட்டுக்குப் பின் மறு அளவீடு செய்யாத ஸ்டியரிங் சென்சார். எதுவானாலும் முதலில் படிக்க வேண்டும், பிறகே பொருளை மாற்ற வேண்டும். முதல் ஒர்க்‌ஷாப் அந்த நான்கு எண்களையும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.

வேலை முடிந்து சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது. எங்களுக்கு நெஞ்சு அடைத்தது. "எரியணுமுங்க. தன்னைத் தானே சோதிச்சுக்குது. எரியவே இல்லீன்னாத்தான் யாரோ பல்பைப் புடுங்கீட்டாங்கன்னு அர்த்தம்." சில நொடிகளில் அணைந்தது. இருபது, நாற்பது, அறுபது கிலோமீட்டர் வேகம், வரவேயில்லை.

அந்தப் பொய்யைப் பற்றி அப்பா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் காரில் ஏறினால் பெல்ட் போட்டுக்கொண்டு, கழுத்தை நீட்டி டேஷ்போர்டைப் பார்க்கிறார். நாங்கள் சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருக்கிறோம்.

"அணைஞ்சிருச்சு. போலாம்," என்கிறார்.